பால் பொன்னுத்துரையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

‘அவருக்குரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை.’ இறந்துபோன கலைஞர்களைப் பற்றி நாம் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அஞ்சலிக் கூட்டத்தில் சொல்வோம், முகநூலில் எழுதுவோம், தே தாரிக் ஆறுவதற்குள் மாமாக் கடையில் இரண்டு தடவையாவது சொல்லிவிடுவோம். இந்த வாக்கியத்தில் கொடுக்காதவர் யார் என்பது மட்டும் இருக்காது. பஸ் கிடைக்கவில்லை, பார்க்கிங் கிடைக்கவில்லை என்பதுபோல அதுவும் தானாக நடந்த ஒன்றாகிவிடுகிறது. சொன்னவரும் கேட்டவரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம்.

இந்தக் கட்டுரை ஒரு கிட்டார் கலைஞரைப் பற்றியது. அவரை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று சொல்வது என் முதல் நோக்கம். ஆனால் அதைச் சொல்ல உட்கார்ந்தபோது வேறொரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. ஒருவரைக் கேட்காமல் இருப்பது தவறா? பாட்டு கேட்பது அவரவர் விருப்பம். பிடித்ததைக் கேட்கிறோம், பிடிக்காததைத் தள்ளிவிடுகிறோம். இதில் கடமை, நியாயம் எல்லாம் எங்கிருந்து வந்தது?

பால் பொன்னுத்துரை மலேசியாவில் பிறந்த தமிழர். சிங்கப்பூரில் வாழ்ந்து, 2012 ஜூலையில் அங்கேயே இறந்தார். வயது 51. கிட்டாரைத் தானாகவே கற்றுக்கொண்டவர். சிங்கப்பூரின் எஸ்பிளனேடில் இருந்த ஹேரிஸ் பாரில் அவரைக் கேட்பதற்கென்றே ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. மற்றவர்களின் பாடல்களைத் தன் வழியில் மறுபடி பாடுவதில் உலக அளவில் வைத்து எண்ண வேண்டியவர் என்ற பொருளில் டைம் இதழ் அவரைப் பற்றி எழுதியிருக்கிறது. காஜாங்கில் என் வயதுள்ள, என்னோடு பாட்டு பேசுகிற நண்பர்களிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை.

எனக்கு அவரை அறிமுகப்படுத்தியவர் காஜாங்கிலேயே இருக்கும் ஓர் அண்ணன். பகலில் கார் உதிரிபாகக் கடை, சனி ஞாயிறில் கல்யாண மேடையில் கிட்டார். ஒருநாள் கைப்பேசியை என் முன்னால் வைத்தார்.

“இத கேளு தம்பி. யாருன்னு சொல்லு.”

“அமெரிக்காக்காரராண்ணே?”

“நம்ம ஆளு. பொன்னுத்துரை.”

“பாட்டு யாரோடது?”

“பாட்டு யாரோடதா இருந்தா என்ன? கைய பாரு.”

சிங்கப்பூரில் ஒருமுறை அவரை நேரில் கேட்டிருக்கிறாராம். “அன்னிக்கு நான் ஆர்டர் பண்ணின தண்ணி அப்படியே இருந்துச்சு” என்றார். ஒரு கிட்டார்க்காரர் இன்னொரு கிட்டார்க்காரருக்குக் கொடுக்கும் சான்றிதழ் இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

கையைப் பார்த்தேன். கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் ஒரு பேஸ் கிட்டாரின் வேலையைச் செய்துகொண்டிருக்க, மற்ற விரல்கள் அதற்குமேல் ஸ்வரக் கூட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தன. நடுவில் தந்திகளின்மேலேயே ஒரு தட்டு. அது டிரம்ஸ். பாடும் குரல் ஒரு வரியைப் பாதியில் விட்டுவிட, மீதியைக் கிட்டார் முடித்துவைத்தது. நன்றாகத் தெரிந்த பழைய பாட்டுதான். ஆனால் அதற்குள் இப்படியொரு சோகம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

அவரை ஒரு வகைக்குள் அடைப்பது கஷ்டம். சோல், ப்ளூஸ், ஜாஸ், ஃபோக், ராக் எல்லாம் அந்த விரல்களில் கலந்து கிடக்கின்றன. ஃபோக் ராக் என்று தேடிப் போகும் இளைஞருக்கு நம் பக்கத்திலிருந்து யாரைக் காட்டலாம் என்று கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன். அப்படிக் காட்டும்போதெல்லாம் எனக்கு மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் ஒருவரைக் கேட்பதற்கு முன்பே மூடப்படும் கதவுகள்.

முதல் கதவு: ‘சொந்தப் பாட்டு இல்லையே, கவர் பாடுறவர்தானே?’

கவர் என்ற சொல்லை நாம் இப்போது நகல் என்ற பொருளில்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் ஃபோக் ராக் என்ற வகையே ஒரு மறுபாடலிலிருந்துதான் பெரிய அளவில் வெளியே தெரியவந்தது. பாப் டிலன் எழுதிப் பாடிய ‘மிஸ்டர் டேம்பரின் மேன்’ பாடலை 1965இல் தி பேர்ட்ஸ் குழு மின்கிட்டாரோடு பாடியது. ரோஜர் மெக்வின்னின் பன்னிரண்டு தந்திக் கிட்டார் அந்தப் பாட்டை வேறொன்றாக மாற்றிவிட்டது. 1967இல் டிலன் வெளியிட்ட ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ பாடலை அடுத்த ஆண்டே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எடுத்துப் பாடினார். பிறகு டிலனே மேடைகளில் ஹெண்ட்ரிக்ஸின் வழியை ஒட்டி அதைப் பாடத் தொடங்கினார். ஃபோக் என்ற சொல்லுக்கே நாட்டார் என்றுதான் பொருள். யார் கட்டினார் என்று தெரியாமல் வாய்மாறி வாய்மாறி வந்த பாட்டுகள் அவை. அங்கே போய் ‘சொந்தப் பாட்டா?’ என்று கேட்டால் சிரிப்பார்கள்.

இதற்கு அமெரிக்கா வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. கர்நாடக இசையில் தியாகராஜரின் கீர்த்தனையை எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினால் அதை யாராவது கவர் என்று சொல்வார்களா? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்றது அவர் தோடி வாசித்த விதத்துக்காக. தோடி ராகம் அவர் கண்டுபிடித்ததல்ல. அவருக்கு முன்பும் எத்தனையோ பேர் வாசித்த ராகம். ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்குள் ஒருவர் எவ்வளவு தூரம் போகிறார் என்பதை அளக்கத் தெரிந்த மரபு நம்முடையது. அந்த அளவுகோலைக் கச்சேரி மண்டபத்துக்குள் மட்டும் பயன்படுத்துகிறோம். வெளியே வந்ததும் ‘கவர்’ என்று சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது கதவு: ‘தமிழ்ல பாடலையே, அப்புறம் எப்படி நம்ம ஆளு?’

மலேசியத் தமிழர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. பினாங்கிலிருந்து வந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் குழு மலாய்ப் பாடல்களால் நாடு முழுக்கப் புகழ்பெற்றது. அவர்களை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஆக மொழி மட்டும் காரணமில்லை. வென்றவர் எந்த மொழியில் பாடினாலும் நம்மவர் ஆகிறார். வெல்லாதவரிடம்தான் மொழியைக் கேட்கிறோம். இது கொஞ்சம் கசப்பான உண்மை.

தமிழில் பாடாத ஒருவரைத் தமிழ் இசைக்கலைஞர் என்று அழைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பொன்னுத்துரையின் குரலில் தமிழின் சாயலைத் தேடுவதும் வீண். சிறுவயது முதல் ஆங்கிலப் பாட்டையே காற்றாகச் சுவாசித்த ஒரு தலைமுறை நம்மிடையே இருந்தது. தேவாலயப் பாடற்குழுக்களும் கிட்டார் சத்தமும் இருந்த வீடுகள் அவை. ரப்பர் தோட்டத்தைப் போலவே அதுவும் மலேசியத் தமிழ் வாழ்க்கையின் ஒரு பகுதி. நம் கதைகளில் அந்த வீடுகள் குறைவாகவே வருகின்றன.

மூன்றாவது கதவு: ‘பார்ல வாசிக்கிறவர்தானே?’

இதை நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். குரலில் தெரியும். இடத்தை வைத்து ஆளை அளக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. நாதஸ்வரக் கலைஞர்கள் நின்றுகொண்டேதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. மற்ற வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதையைக் கேட்டு வாங்கியவர்களில் ராஜரத்தினம் பிள்ளை முக்கியமானவர். நிற்பதாலும் உட்காருவதாலும் தோடி மாறிவிடவில்லை. கேட்கிறவர்களின் காது மாறியது. மதுக்கூடத்தில் வாசித்த கிட்டாருக்கும் இது பொருந்தும்.

இந்த மூன்று கதவுகளையும் பார்த்த பிறகு கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்கத் தோன்றுகிறது. பிடிக்காமல் போவது ஒன்று, கேட்காமல் தள்ளுவது இன்னொன்று. இரண்டையும் நாம் ‘ரசனை’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹ்யூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல ரசிகருக்கு அவர் கேட்ட தகுதிகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, ஒப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். மற்றொன்று, முன்முடிவு இல்லாமல் இருக்க வேண்டும். முழுதாகக் கேட்டுவிட்டு ‘எனக்கு ஒத்துவரல’ என்று சொல்பவர் தன் ரசனையைச் சொல்கிறார். அவரோடு சண்டை இல்லை. ‘கவர்தானே’ என்று சொல்லி நகர்பவர் எதையும் ரசிக்கவுமில்லை, நிராகரிக்கவுமில்லை. அவருடைய காது அந்த இடத்தில் வேலையே செய்யவில்லை.

ஒரு கலைஞருக்கு நாம் விருப்பத்தைக் கடன்பட்டிருக்கவில்லை. விருப்பம் கட்டளைக்கு வராது. ஆனால் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒருமுறையாவது செவிகொடுக்கக் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

உடனே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். உலகத்தில் எத்தனை லட்சம் பேர் வாசிக்கிறார்கள்! ஸ்பாட்டிஃபையைத் திறந்தால் ஆயுள் போதாது. எல்லாருக்கும் செவிகொடுப்பது யாராலும் முடியாத காரியம். முடியாததை எப்படிக் கடமை என்று சொல்வது?

இமானுவேல் கான்ட் 1785இல் எழுதிய நூலில் கடமைகளை இரண்டாகப் பிரிப்பது இங்கே உதவும். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது ஒரு வகை. யாருக்கு, எவ்வளவு என்பதெல்லாம் தெளிவாக இருக்கும், தப்பிக்க வழியில்லை. அடுத்தவருக்கு உதவுவது இன்னொரு வகை. உலகத்தில் உள்ள எல்லாருக்கும் உதவ முடியாது, இன்னாருக்குத்தான் உதவ வேண்டும் என்று யாரும் வந்து கேட்கவும் முடியாது. அதற்காக, ‘எல்லாருக்கும் முடியாது, அதனால் யாருக்கும் செய்ய மாட்டேன்’ என்று வாழ்ந்துவிட முடியுமா? அதையும் ஒத்துக்கொள்ள மாட்டோம். யாருக்கு என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். ஒருவருக்குமே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. செவிகொடுப்பது இந்த இரண்டாவது வகைக் கடமை. நம் தேர்வுகள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு செயலி செய்துகொடுத்து, ஏற்கெனவே பல கோடிப் பேர் கேட்டதை மட்டுமே நாமும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கடமையை நாம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கவனம் என்பதே கொடையின் ஒரு வடிவம் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் கருதினார். கொடை என்றால் கையில் குறைவாக இருப்பதைக் கொடுப்பது. இன்று நம்மிடம் பணத்தைவிடக் குறைவாக இருப்பது முழுதாக நான்கு நிமிடம்.

இன்னொரு எதிர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். அது அந்த அண்ணன் சொன்னது. “அவரு பாவப்பட்டவரு மாதிரி பேசாத தம்பி. அவர கேட்க வந்தவங்க இருந்தாங்க. அவரு இஷ்டப்பட்டு வாசிச்சாரு. ஒனக்குத் தெரியலன்னா அது ஒன் நஷ்டம்.” இதில் நியாயம் இருக்கிறது. இரவில் அந்த அறையில் இருந்தவர்கள் கண்மூடிக் கேட்டார்கள். அவர்களை ஒன்றுமில்லாதவர்களாக ஆக்கினால்தான் ‘அங்கீகாரம் இல்லாத கலைஞர்’ என்ற கதை நிற்கும். நாற்பது பேர் முழு மனதோடு கேட்பதை நான்கு கோடிப் பார்வைகளைவிடச் சிறியது என்று எந்தக் கணக்கில் சொல்வது?

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிக் டிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் ரங்கூனில் பிறந்த ஆங்கிலேயர், ஃபோக் கிட்டாரில் தனக்கென ஒரு வழி கண்டவர். 1974இல் 26 வயதில் இறந்தபோது அவருடைய மூன்று இசைத்தட்டுகளும் மிகக் குறைவாகவே விற்றிருந்தன. கால் நூற்றாண்டு கழித்து 1999இல் ஒரு கார் விளம்பரத்தில் ‘பிங்க் மூன்’ ஒலித்ததும் புதிய தலைமுறை தேடி ஓடியது. தேடியவர்களுக்குத் தட்டுகள் இருந்தன. ஈவா கேசிடியின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். அவரும் கிட்டாரோடு பெரும்பாலும் பிறர் பாடல்களைப் பாடியவர், வாஷிங்டன் வட்டாரத்துக்கு வெளியே அதிகம் தெரியாதவர். 1996 ஜனவரியில் ப்ளூஸ் ஆலி என்ற மதுக்கூடத்தில் அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 33 வயதில் இறந்தார். பிபிசி ரேடியோ 2 அவர் பாடல்களை ஒலிபரப்பிய பிறகு, ‘சாங்பேர்ட்’ என்ற தொகுப்பு 2001இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

இருவரையும் உலகம் தாமதமாகவேனும் கண்டெடுத்தது, கண்டெடுக்க ஏதோ ஒன்று இருந்ததால். பொன்னுத்துரையின் பெரும்பகுதி வேலை இரவில் வாசித்து இரவிலேயே முடிந்துபோனது. மிஞ்சியிருப்பதில் கணிசமானவை கேட்க வந்தவர்கள் எடுத்த காணொளிகள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி எல்லாக் கலைஞர் விஷயத்திலும் கிடையாது. சிலருக்கு நாம் கொடுக்கக்கூடிய கவனத்துக்கு நேரம் குறித்திருக்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

முதலில், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பழைய ஆங்கிலப் பாட்டை எடுங்கள். பால் பொன்னுத்துரை அதைப் பாடியிருக்கிறாரா என்று யூடியூபில் தேடுங்கள். மூலத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு, அப்புறம் அவருடையதைக் கேளுங்கள். இந்த வரிசை முக்கியம். மூலம் காதில் இல்லாமல் கேட்டால் அவர் எதை விட்டார், எதை இழுத்தார், எந்த இடத்தில் திரும்பினார் என்று தெரியாது. ராகம் தெரியாமல் ஆலாபனை கேட்பது மாதிரி.

இரண்டாவது, அதே காணொளியைக் கண்ணைமூடி ஒருமுறை, வலது கையை மட்டும் பார்த்து ஒருமுறை. முதல் தடவை எத்தனை வாத்தியம் என்று எண்ணுங்கள். இரண்டாவது தடவை அத்தனையும் ஒரே கையிலிருந்து வருவது தெரியும். ஒலித்தரம் சுமாராக இருக்கும். கண்ணாடிக் குவளைச் சத்தமும் யாரோ பேசுவதும் கேட்கும். ஹெட்போனில் கேட்டால் சமாளிக்கலாம். அந்தச் சத்தங்களும் அவர் வாசித்த அறையின் பகுதிதான்.

மூன்றாவது, அவரை ஒரு குடும்பத்துக்குள் வைத்துக் கேளுங்கள். ஈவா கேசிடியின் ப்ளூஸ் ஆலி பதிவு நல்ல துணை. அதன் பிறகு இங்கிலாந்தின் டேவி கிரஹாம். மொராக்கோவில் ஊத் வாத்தியக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பதற்காகக் கிட்டாரின் சுருதியையே மாற்றி, டாட்கேட் என்ற அமைப்பைப் பரப்பியவர். அவருடைய ‘ஆஞ்சி’யைப் பலர் அறிந்தது சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டில் பால் சைமன் வாசித்ததன் மூலமாகத்தான். அங்கேயும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதால்தான் பாட்டு பிழைத்தது. கடைசியாக ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. கிட்டாருக்கும் நாதஸ்வரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தெரிந்த ஒன்றுக்குள் தெரியாததைக் காட்டுவது என்றால் என்னவென்று அது அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

நான்காவது, இணையத்தை மூடிவிட்டு வெளியே வாருங்கள். காஜாங்கிலிருந்து எம்ஆர்டி ஏறினால் பாசார் செனி அதே வழித்தடத்தில்தான் இருக்கிறது. அங்கே நடைபாதையில் கிட்டாரோடு யாராவது நின்று, நமக்குத் தெரிந்த பாட்டைத்தான் பாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுமாராகத்தான் வாசிப்பார்கள், அதில் தப்பில்லை. அவர்களில் எவர் பொன்னுத்துரை என்பது நடந்துகொண்டே கேட்டால் தெரியாது. ஒரு பாட்டு முடியும்வரை நில்லுங்கள். பிடித்திருந்தால் பெட்டியில் இரண்டு ரிங்கிட் போட்டுவிட்டுப் பெயரைக் கேட்டு வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம், சில நிமிடத்தில் ஒன்று வரும்.